பெயரறியாப் பிழை

வால்பாறைச் சோலையொன்றில் மரக்கிளைமேல் கரிய உருவொன்றைக் கண்டு, "அதோ, கருங்குரங்கு!" என்றேன். உடன்வந்த விலங்கியல் மாணவர், "ஐயா, அது சோலைமந்தி, சிங்கவால் குரங்கு என்பதும் அதுவே" என்றார்.

இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை, இரண்டும் கரியவை. ஆயினும் இனத்தால் வேறானவை. சோலைமந்திக்குச் சாம்பல்நிறப் பிடரியும் நுனியில் குஞ்சமுடைய வாலும் உண்டு. கனிகளைக் கன்னப்பைகளில் அடக்கிக்கொள்ளும். நீலகிரிக் கருங்குரங்குக்கு அப்பைகள் இல்லை; இலையுணவைச் செரிக்கப் பல அறைகள் கொண்ட இரைப்பை உண்டு.

குரங்கு, முசு, ஊகம் எனப் பிரித்து, மூன்றன் பெண்ணுக்கும் மந்தி என்னும் பெயருரைத்தது தொல்காப்பிய மரபியல். அதனை வகுப்பில் பல்லாண்டு பயிற்றியவன் நான். எனினும் கண்முன் நின்ற உயிரின் பெயரை அறிந்தேனில்லை.

நாணத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. சிறுவயதில் இளைப்பு நோய்க்கென எனக்குக் கருங்குரங்கு லேகியம் ஊட்டினர். அந்நம்பிக்கையால் வேட்டையாடப்பட்ட அவ்வுயிருக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாயிற்று. எதனைக் கொன்று எனக்கு ஊட்டினர் என்பதை நான் அன்று வினவவுமில்லை.

விலங்குகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறை தரும் பாடம். அச்சமுதாயங்களைப் பெயரறிந்து பழகுவோம். இறைவன் படைப்பின்மீது இரக்கம் அங்கே தொடங்கும்.