பெல்ட்டா, செயினா?

குன்னூர்ப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரி. இலையை உலர்த்தும் அடுப்புக்கு விறகுதான் தீனி. பிளந்த கற்பூர மரக்கட்டைகள் பள்ளத்துக் கொட்டகையில் கிடக்கும். அடுப்போ 10 அடி மேலே. நடுவில் இருக்கும் படிகளில் பல வருடங்களாக விறகு ஏறியது ஓர் அக்காவின் தலையில்தான்.

மழை நாளொன்றில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகுதான் முதலாளிக்கு கன்வேயர் ஞாபகமே வந்தது!

முதலில் பார்த்தது ரப்பர் பெல்ட். சத்தம் கிடையாது. ஆனால், 20 அடி நீளத்தில் 10 அடி ஏற வேண்டுமென்றால் சரிவு 30 டிகிரி. வழுவழு பெல்ட்டில் ஈரக்கட்டை சறுக்கிக் கீழே வந்துவிடும். குறுக்கே தடுப்பு வைத்த பெல்ட் என்றால் நிற்கும்; பட்டையும் சிராயும் அடியில் புகுந்து உருளையில் சிக்கும். இரும்புத் தொட்டிக்குள் செயின் ஓடி, குறுக்குச் சட்டங்கள் கட்டையைத் தள்ளிப்போகும் வகையில் அந்தத் தொல்லை குறைவு. என்ன, கடகட சத்தம். எண்ணெயும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செயின்தான் என்று முடிவானது. "அப்ப எனக்கு வேலை?" என்றார் அக்கா, கட்டுப்போட்ட கையோடு.

"கீழே கட்டை எடுத்துப் போட ஆள் வேணாமாக்கா?"

"ஸ்வெட்டர் கை மாட்டிக்கிட்டா எப்படி சார் நிறுத்துறது?"

சுவிட்ச் மேலே, அடுப்புப் பக்கம் மட்டும்தான் இருந்தது. விற்க வந்தவர்கள் யாரும் இதைப் பேசவே இல்லை. செயினுக்கு மூடி, இழுத்தால் நிற்கும் கயிறு, கீழே ஒரு சிவப்பு பட்டன் எல்லாம் அப்புறம்தான் ஆர்டரில் ஏறின.

பட்டனை இடது கைப் பக்கம் வைக்கச் சொன்னார் அக்கா. வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை.