பாம்பு மலையும் பதினைந்து டம்ளர் தண்ணீரும்

"லீவுக்கு எங்கே சார்?"

"நாகமலை புதுக்கோட்டை."

"ஓ... திருச்சிக்கு அந்தப் பக்கமா?"

ஆபீஸில் ஆறு பேர் கேட்டார்கள். ஆறு பேருக்குமே புதுக்கோட்டை என்றால் திருச்சிக்குத் தெற்கே இருக்கிற ஜில்லாத் தலைநகர்தான். எங்கள் புதுக்கோட்டை வேறு. மதுரையிலிருந்து தேனி போகிற ரோட்டில், காளவாசல், அச்சம்பத்து தாண்டினால் வரும். ('எங்கள்' என்றால் என் மாமனாருடையது.) குழப்பம் வரக்கூடாது என்று, பக்கத்தில் இருக்கிற மலையை இனிஷியல் மாதிரி முன்னால் போட்டுக்கொண்ட ஊர்.

ஏழாவதாகக் கேட்டவர் எங்கள் மேனேஜர். "மே மாசம் போய் மதுரைக்கா? ஊட்டி, கொடைக்கானல்னு போங்களேன்யா!"

போகலாம்தான். ஆனால் என் சகதர்மிணிக்கு அப்போது ஏழு முடிந்து எட்டாவது மாதம். ஏற்கெனவே வீட்டில் ஆறு வயதில் ஒருத்தி, மூன்றரை வயதில் ஒருவன். கொடைக்கானல் ரோட்டு வளைவுகளில் யார் முதலில் வாந்தி எடுப்பது என்று மூன்று பேருக்கும் போட்டி வைக்க எனக்குத் தைரியமில்லை.

"மூணாவதா?" என்று கேட்கும்போது நம் ஜனங்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள்... சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அல்லவா? சட்டத்துக்கும் அதே பார்வைதான். 2017-ல் திருத்திய சட்டப்படி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் லீவு. மூன்றாவது என்றால் 12 வாரம். அதிலும் பிரசவத்துக்கு முன்னால் ஆறு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. அப்பாக்கள் கதை இன்னும் சுலபம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, இரண்டு குழந்தைக்குள் என்றால். என்னைப்போல் தனியார் கம்பெனியில் பேனா பிடிக்கிறவனுக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. ஆகவே, மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த லீவை உடைத்து இருபது நாள் வாங்கினேன். வாங்கும்போதே எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை வந்துவிட்டது. அந்தப் பெருமைதான் பிற்பாடு வினையாக முடிந்தது.

பாண்டியன் எக்ஸ்பிரஸ். கர்ப்பிணிகளுக்கு ரயில்வே ஒதுக்குகிற லோயர் பெர்த் அவளுக்குக் கிடைத்தது. பையன் அதில் அவள் காலடியில் படுத்துக்கொண்டான். மதுரை ஸ்டேஷனில் பிடித்த ஆட்டோக்காரர் அவளை ஒரு தரம் பார்த்தார். வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "மெதுவாப் போவோம்க்கா" என்றார். நாகமலை புதுக்கோட்டை வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். அத்தனை வேகத்தடைகள் அந்த ரோட்டில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காலை வெளிச்சத்தில் வடக்கே பார்த்தால் நாகமலை. உயரத்தைச் சொல்லிப் பெருமைப்பட முடியாத மலைதான். ஆனால் நீளம்! படுத்துக்கொண்டு, நெளிந்துகொண்டு, மேற்கே போய்க்கொண்டே இருக்கும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இதற்கு ஒரு கதை உண்டு. அனந்தகுண பாண்டியன் காலத்தில் சமணர்கள் வேள்வி செய்து ஒரு ராட்சசப் பாம்பை மதுரை மேல் ஏவினார்களாம். பாண்டியன் அம்பு விட்டான். செத்து விழுந்த பாம்புதான் இந்த மலை. அடுத்த படலத்தில் ஒரு மாயப் பசு வந்து, அது பசுமலை ஆனது. யானைமலைக்கும் இதே மாதிரி ஒரு கதை. மதுரையைச் சுற்றி இருக்கிற பாதி மலைகள் போரில் செத்து விழுந்த மிருகங்கள்தான்.

இதை ஆட்டோவிலேயே பிள்ளைகளுக்குச் சொன்னேன். பையன் வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, வாய் எந்தப் பக்கம்?"

தெரியவில்லை. நீங்கள் போனால் பார்த்துச் சொல்லுங்கள்.

மாமனார் வீடு பழைய கால ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் பொறவாசல், பொறவாசலின் கடைசியில் கக்கூஸ். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டியிருக்கிறது.

மே மாத மதுரையில் பகல் என்று ஒன்று கிடையாது. பத்தரை மணிக்கே கதவைச் சாத்திவிட வேண்டும். பிறகு சாயங்காலம் ஐந்து வரைக்கும் மின்விசிறி அனல்காற்றை அறைக்குள் பங்கு போட்டுக் கொடுக்கும். அடைத்த வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள் என்றால்... நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மாவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பது யார் முறை என்பதில் ஆரம்பிக்கும் தகராறு, நுங்கில் யாருக்குப் பெரிய கண் என்பதில் போய் முடியும்.

என் மாமியார்தான் வழி சொன்னார். "மாப்ளே, வெள்ளனே எந்திரிச்சு பிள்ளைகளை எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அவ கொஞ்சம் கண்ணசரட்டும்."

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு மாமனாரின் டிவிஎஸ் எக்ஸெல் என் வசம். முன்னால் பையன், பின்னால் பெண். தேனி ரோட்டைத் தாண்டித் தெற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், அய்யனார் கோயில், குதிரைகள், பெரிய ஆலமரம், அதற்கு மேலே சமணர் மலை. புராணத்தில் பாம்பை ஏவியவர்கள் இருந்த மலை ரோட்டுக்குத் தெற்கே, செத்து விழுந்த பாம்பு வடக்கே. நடுவில் தேனி பஸ் போய்க்கொண்டிருக்கிறது.

முதல் நாள் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாசலிலேயே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தீர்த்தங்கரர், முக்குடைக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைப் பார்த்துவிட்டு ஊரார் செட்டியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். குகைக்குள் அண்ணாந்து பார்த்தால் இன்னும் சில சிற்பங்கள். அதில் ஒரு பெண், சிங்கத்தின் மேல் ஏறி, கையில் வில்லோடு, யானை மேல் வருகிற ஒருவனை எதிர்த்து நிற்கிறாள். இயக்கி என்கிறார்கள். என் மகள் சற்று யோசித்துவிட்டு, "அந்த யானை மேல இருக்கிறவர் என்ன தப்பு பண்ணினார்?" என்று கேட்டாள். கேட்ட தோரணை என்னவோ அவள் அம்மாவுடையது.

இரண்டாம் நாள் பேச்சிப்பள்ளம். படியேறிப் போக வேண்டும். பையனைப் பாதி தூரம் தூக்கினேன். மேலே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். மகாவீரர், பாகுபலி, தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்கும் பார்சுவநாதர். "பாம்பு குடை பிடிக்குதுப்பா" என்றான் பையன். எதிரே நாகமலை நீளமாகக் கிடந்தது. இந்தப் பாம்பும் அந்தப் பாம்பும் சொந்தமா என்று அவன் கேட்பதற்குள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன்.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. யார் எதைச் செய்து வைத்தார்கள் என்ற விவரங்கள்தான் பெரும்பாலும். அதில் ஒன்று அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. பாண்டிய நாட்டில் பல குன்றுகளில் அச்சணந்தியின் பெயர் உண்டு. இங்கே அவருடைய அம்மா.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். பாய் மேல் இடப்பக்கமாய் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அந்தம்மா வீட்டுக்காரர் பேர் போடலியா?"

"போடலை."

"நல்லவேளை" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஏங்க, பொறவாசல் லைட்டு எரியலை. ஒரு பல்பு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

மூன்றாம் நாளும் சொன்னாள். நாலாம் நாளும் சொன்னாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில்தான் கடை. தினம் இரண்டு தரம் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். பல்பு வாங்குவதா பெரிய காரியம்? இரண்டு பிள்ளைகளைக் காலை நாலு மணி நேரம் மேய்க்கிறேன், அவளுக்கு ஓய்வு கொடுக்கிறேன், ஆபீஸ் நண்பர்களுக்குச் சிற்பங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்...

ஆறாம் நாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மலையில் போன் எதற்கு, இயற்கையோடு இருப்போம் என்று ஒரு தத்துவம். அன்றைக்குத் தாமரைக் குளத்தோடு சரி. நிழலில் உட்கார்ந்து பதநீர் குடித்துவிட்டு ஒன்பதரைக்கு வீடு திரும்பினால், கதவில் பூட்டு.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "தம்பி, ஏழு மணிக்கே வயிறு வலின்னு ஆட்டோவுல கூட்டிட்டுப் போயிட்டாக. உங்களுக்குப் போன் அடிச்சா, அது வீட்டுக்குள்ளயே அடிக்குது."

பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு மதுரைக்கு விரட்டினேன். வந்த அன்று எண்ணின வேகத்தடை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எட்டு மாதம்கூட முடியவில்லையே, முடியவில்லையே என்று அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. கேலியாக எழுத வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இவள் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ், வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. பக்கத்து மெஷினிலிருந்து குதிரை ஓடுகிற மாதிரி டக் டக் டக் என்று சத்தம். குழந்தையின் இதயத் துடிப்பு அது என்று மாமியார் சொன்னதும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சூட்டு வலி. மாமியாரும் அப்படித்தான் நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அடங்காமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வயிறு கல்லாக இறுகியிருக்கிறது. "37 வாரத்துக்கு முன்னாடி இப்படி விட்டு விட்டு வந்தா சூட்டு வலின்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாதும்மா. நாங்க பார்த்துத்தான் சொல்லணும். அதுவும் மூணாவது, சீக்கிரம் வந்துரும். ஆட்டோ தேடாம 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, உதிரம், பனிக்குட நீர் எது பட்டாலோ ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னார். உடம்பில் தண்ணீர் வற்றினாலே கர்ப்பப்பை இப்படி முறைத்துக்கொள்ளுமாம். வெயில் சாதாரண விஷயமில்லை. சென்னையில் ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் செய்திகளில் வந்தது. கடும் வெக்கையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கரு கலைகிற, குழந்தை இறந்து பிறக்கிற அபாயம் இரண்டு மடங்காம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

இவள் பதில் சொல்லாமல் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லுங்க."

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல குடிக்கிறதில்லை டாக்டர். குடிச்சா ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கணும். பொறவாசல் தாண்டிப் போகணும், படி வேற இருக்கு. லைட் எரியாது. தடுக்கி விழுந்துட்டா..."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் அந்த யானை மேல் இருந்தவனின் நிலைமை எனக்குப் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் ஆட்டோவை நிறுத்தி பல்பு வாங்கினேன். ஒன்றல்ல, மூன்று. பொறவாசலுக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று, அடுப்படிப் படிக்கு ஒன்று. ஸ்டூல் போட்டு ஏறி மாட்ட எட்டு நிமிஷம் ஆயிற்று. அன்று ராத்திரியிலிருந்து என் பாயைக் கூடத்து நடையில், அவள் எழுந்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி, குறுக்கே போட்டுக்கொண்டேன். நாலு தரம் எழுந்தாள். நாலு தரமும் கூடப் போனேன். மூன்றாவது தரம், "நீங்க தூங்குங்க, அதான் லைட்டு எரியுதே" என்றாள். "எரியுது" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

டாக்டர் மூன்று லிட்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்குப் பதினைந்து. மோர், இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். கணக்குப்பிள்ளை வேலை பெரியவளுக்கு. அவள் ஒரு கரித்துண்டை எடுத்து, அடுப்படிச் சுவரில் டம்ளருக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தாள். பானையிலிருந்து மொண்டு கொண்டுவருவது சின்னவன். பாதி வழியில் கொட்டும். கொட்டினதைக் கழித்துக்கொண்டுதான் கோடு போடுவாள். அப்படி ஒரு ஆடிட்டர்! பகல் முழுக்க அடைந்து கிடந்த வீட்டில் அதற்குப் பிறகு தகராறு குறைந்துபோனது. வெள்ளையடித்த சுவர் பாழாகிறதே என்று மாமனார் மட்டும் ஒரு தரம் முனகினார். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

மலைக்கு அப்புறமும் போனோம், ஆனால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம். போன் என் பையில். நான் பாத்திரம் தேய்க்கிற அழகைப் பார்க்க அவள் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாள். "குணமதியார் எப்ப மலை ஏறியிருப்பாங்க, வெயிலுக்கு முந்தியா பிந்தியா?" என்று ஒரு நாள் கேட்டாள். "பிள்ளையைப் பெத்து, வளர்த்து, சாமியாரா அனுப்பி வெச்ச பிறகுதான்" என்றேன். "அப்ப எனக்கு இன்னும் நாளிருக்கு" என்றாள்.

இருபதாம் நாள் நான் மட்டும் சென்னைக்குக் கிளம்பினேன். பிரசவத்துக்கு வர லீவு வேண்டும் அல்லவா? மிச்சம் ஏழு நாள் இருந்தது. ஆபீஸில் முதல் நாள் மத்தியானம் போன். பெரியவள்.

"அப்பா, இப்ப மணி ரெண்டு. அம்மா ஆறுதான் குடிச்சிருக்காங்க."

போனை யாரோ பிடுங்கும் சத்தம்.

"ஏழுங்க! இவன் கொண்டு வரும்போது கொட்டினான்னு இவ ஒண்ணைக் கழிச்சிட்டா. நீங்க சாப்பிட்டீங்களா?"