சோலார் வீட்டுக்கு பேட்டரி அவசியமா?

பஞ்சாலைக்கு ராஜபாளையம், பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வெயில் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது! மாடியில் சோலார் பேனல் வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் மின்விசிறி ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது அல்லவா?

சரி, பில்லைக் குறைக்க பேட்டரி வேண்டுமா? வேண்டாம். பகலில் மிஞ்சும் மின்சாரம் நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குப் போய் பில்லில் கழிந்துவிடும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். பேட்டரி சேர்த்தாலும் அது கூடாது. ஆக, பேட்டரி என்பது கரண்ட் இல்லாத நேரத்துக்கான செலவு மட்டுமே.

எவ்வளவு பெரிய பேட்டரி? கணக்கு இதோ:

75 வாட் மின்விசிறி 2, 10 வாட் எல்.இ.டி. பல்பு 4. மொத்தம் 190 வாட். நான்கு மணி நேரத்துக்கு 760 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஏ.எச். டியூப்ளர் பேட்டரியின் கொள்ளளவு 1,800. ஆயுள் குறையாமலிருக்க அதில் பாதியை எடுப்பதே நல்லது. இன்வெர்ட்டரில் வீணாவது போக, சரியாக இருக்கும்.

அதே வீட்டில் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மாட்டினால் மொத்தம் 100 வாட்தான். அதே பேட்டரி ஏழு மணி நேரம் தாங்கும்!

2012 மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் சாதாரண இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. சில மணி நேரத்துக்கு அதுவே போதும். அடிக்கடி நீண்ட நேரம் கரண்ட் போகும் தெருவென்றால் மட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் யோசிக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம்.

எனவே நண்பர்களே, முதலில் மின்விசிறியை மாற்றுங்கள். பேட்டரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!