பிள்ளை பெற்றவளுக்கு ஒரு துண்டு தம்மடை



ஓர் இல்லத்தில் குழந்தை பிறந்துவிட்டால் அவ்வில்லத்தின் ஒழுங்கே மாறிவிடுகிறது. அடுப்பு அணைவதில்லை. வாசற்கதவு சாத்தப்படுவதில்லை. கொடியில் துணி காயாத நேரமில்லை. வருவோர் அனைவரின் கண்களும் தொட்டிலையே தேடுகின்றன. பிள்ளை யார் சாயல், என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேள்விகள் அடுக்கடுக்காய் வருகின்றன. தொட்டிலுக்கு அருகில் படுத்திருக்கும் தாயிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "பால் இருக்கா?" அவள் உண்டாளா, உறங்கினாளா, அவள் உள்ளம் எவ்வாறு இருக்கிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. அந்தத் தாயைக் குறித்தே இங்குச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அல்லாஹ்வின் பேரருளால் எம் மூத்த மகளுக்கு அண்மையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் திருமணத்திற்குப் பின்னரும் பெண்மக்கள் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவர். எம் இல்லத்திலும் அதே வழக்கம்தான். மருமகன் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். ஆகவே பிள்ளைப்பேற்றின் பொறுப்பு முழுவதும் எம்மிடமே இருந்தது.

பேத்தியின் செவியில் பாங்கு சொல்லும் பேறு எமக்குக் கிட்டியது. ஹிஜ்ரத்திற்குப் பின் அஸ்மா (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைக் குபாவில் ஈன்றெடுத்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, அண்ணலார் பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் இட்டு, பரக்கத்திற்காக துஆச் செய்தார்கள். அந்த ஸுன்னத்தைப் பேணி, கைகளை நன்கு கழுவியபின் பேரீச்சம்பழத்தின் சுவையை விரல் நுனியால் பேத்தியின் அண்ணத்தில் மிகச் சிறிதளவு தடவினோம். சில இல்லங்களில் இதற்குத் தேனைப் பயன்படுத்துகின்றனர். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். இதனைப் பெரியோர்கள் கவனத்திற் கொள்வது நலம். சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை. முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலே பிள்ளைக்கு உணவும் காப்பும் ஆகும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர தண்ணீரும் வேண்டாம் என்பதே மருத்துவர்கள் கூறும் வழிமுறை.

இனித் தம்மடைக்கு வருவோம். ரவையும் முட்டையும் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, கீழும் மேலும் நெருப்பிட்டுச் சுடும் அந்தப் பண்டம் எம் பகுதியினருக்குப் புதியதன்று. கடையில் விதவிதமான கேக்குகள் கிடைக்கும் இக்காலத்திலும் எம் துணைவியார் அடிகனத்த சட்டியையும் சிரட்டைக் கரியையும் விட்டாரில்லை. கால் கிலோ ரவைக்குக் கால் கிலோ சர்க்கரை, 5 முட்டை, 100 கிராம் நெய், ஒரு மூடித் தேங்காயின் கட்டிப்பால் என்பது அவர் தம் தாயாரிடமிருந்து கற்ற அளவு. ரவையை நெய்யில் இலேசாக வறுத்து ஆறவைப்பார். முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடிப்பார். பின்னர் ஏலப்பொடி தூவி எல்லாவற்றையும் கலந்து, ரவை ஊறும்வரை காத்திருப்பார். நெய் தடவிய சட்டியில் மாவை ஊற்றி மூடியபின், அடியில் சில கங்குகளும் மூடியின்மேல் பல கங்குகளும் வைக்கப்படும். அடியில் தணல் மிகுந்தால் மேற்பகுதி வேகுமுன் அடி கருகிவிடும். மேலிருந்து இறங்கும் அனலே தம்மடையைப் பொன்னிறமாக்குகிறது. முந்திரி தூவ ஒருமுறை திறப்பதைத் தவிர, இடையில் மூடியைத் தொடக் கூடாது என்பது அவரது கண்டிப்பு. கரியை ஊதிக் கனலச் செய்வது மட்டும் எம் வேலை.

குழந்தை பிறந்த முதல் வாரத்தில் எம் இல்லத்தில் நாள்தோறும் தம்மடை மணந்தது. ஏனெனில் நாள்தோறும் விருந்தினர் வந்தனர். சுட்ட தம்மடை யாவும் கூடத்திற்கே சென்றது. அறையிலிருந்த மகளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் பிரசவ மருந்தும் வேளை தவறாமல் சென்றன. அவை அவள் உடலுக்கு வேண்டியவைதாம். ஆனால் தட்டுகள் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தன.

ஐந்தாம் நாள் இரவு. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை தாய் விழிக்க வேண்டும். தஹஜ்ஜுத் தொழுகைக்காக நாம் எழுந்த வேளையில் மகளின் அறையில் விளக்கு எரிந்தது. குழந்தை பால் குடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. மகள் சுவரில் சாய்ந்து, ஓசையின்றி அழுதுகொண்டிருந்தாள்.

என்னம்மா என்று கேட்டோம். நெடுநேரம் பதிலில்லை. பின்னர் சொன்னாள்: "வாப்பா, புள்ளைய பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு எங்கயாவது போயிடணும்போல இருக்கு. நான் நன்றி கெட்டவளா வாப்பா?"

நன்றி கெட்டவள் என்னும் சொல் அவளுடையதன்று. அன்று பகலில் பிள்ளை பார்க்க வந்த மூத்த உறவினர் ஒருவர், அவளுடைய கலங்கிய கண்களைக் கண்டு, "அல்லாஹ் குடுத்த நிஃமத்தை மடியில வச்சுக்கிட்டு அழுவுறியே, நன்றி கெட்டத்தனம்" என்று சொல்லிச் சென்றிருந்தார். அவர் தீய எண்ணத்துடன் சொன்னவரல்லர். நம் மூதாட்டியர் பலர் பழக்கத்தால் சொல்லும் சொல் அது. எனினும் உறக்கமிழந்த ஒரு தாயின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்துவிட்டது.

ஆண்டுதோறும் மத்ரஸாவில் ஸூரா மர்யமைப் பாடமாக நடத்துபவர் நாம். அந்நேரத்தில் அதன் 23 முதல் 26 வரையிலான வசனங்களே நினைவுக்கு வந்தன. அவற்றின் கருத்தை மகளுக்கு எடுத்துரைத்தோம். பேறுகால வேதனை மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்தது. உடன் தாயில்லை, துணையில்லை. இதற்கு முன்பே தாம் இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். உலகப் பெண்களுள் அல்லாஹ் தேர்ந்தெடுத்து மேன்மைப்படுத்திய பெண்மணி சொன்ன சொல் இது. அச்சொல்லுக்கு வந்த மறுமொழி என்ன? கண்டனம் வரவில்லை. நன்றி கெட்டவள் என்ற ஏச்சு வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் முதலில் வந்தது. அடுத்துக் காலடியில் ஓடும் நீரூற்று காட்டப்பட்டது. பின்னர்க் கனிந்த பேரீச்சம்பழங்கள் கிடைக்கும் வழி சொல்லப்பட்டது. உண்ணவும் பருகவும் கண் குளிரவும் பணிக்கப்பட்டது. மனிதர் எவரையேனும் கண்டால் பேசாமலிருக்க நோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவிக்குமாறும் கற்பிக்கப்பட்டது. உலகத்தாருக்கு விளக்கம் சொல்லும் சுமையும் அத்தாயின் தோளிலிருந்து அந்த நாளில் இறக்கி வைக்கப்பட்டது.

"மர்யம் அலைஹிஸ்ஸலாம் அப்படிச் சொன்னாங்களா வாப்பா?" என்று மகள் கேட்டாள். சிறுமியாக இருந்தபோது அந்த ஸூராவை எம்மிடமே ஓதியவள்தான். ஆயினும் ஒரு வசனம் தனக்காகவே இறங்கியதுபோல் ஒருவருக்குத் தோன்றும் நேரம் வேறு.

பேச்சொலி கேட்டு எழுந்த துணைவியார் நேரே அடுக்களைக்குச் சென்றார். மறுநாள் விருந்தினருக்கெனச் சுட்டு மூடிவைத்திருந்த தம்மடையின் நடுப்பகுதியை, மென்மை மிகுந்த அந்த இடத்தை, வெட்டி எடுத்தார். ஒரு குவளைச் சூடான பாலுடன் கொண்டுவந்து மகளருகே அமர்ந்து ஊட்டினார். "நாளைக்கு வர்றவங்களுக்கு உம்மா?" என்றாள் மகள். "வர்றவங்களுக்கு டீ போதும். நீ சாப்பிடு" என்றார். அவள் அத்துண்டு முழுவதையும் உண்டாள். பிறகு படுத்து, அடுத்த பால் வேளைவரை உறங்கினாள். அதுவரை பேத்தி எம் தோளில் இருந்தாள். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுததும், ஸஜ்தாவின்போது கீழே இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதும் ஸஹீஹான ஹதீஸில் வந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்குவது பெண்களின் வேலை என்று சொல்வோர் அந்த ஹதீஸை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

ஒரு துண்டுத் தம்மடையால் துயரம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மறுநாளே பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். பிள்ளை பெற்ற பெண்கள் மிகப் பலருக்கு முதல் சில நாட்களில் இத்தகைய அழுகை வரும் என்றும், உடலின் ஹார்மோன்கள் திடீரெனக் குறைவதும் உறக்கமின்மையும் அதற்குக் காரணங்கள் என்றும், பொதுவாக இரண்டு வாரங்களில் அது தானே தணிந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். அதற்கு மேலும் நீடித்தாலோ, தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தாலோ, உடனே சிகிச்சை தேவை என்று அறிவுறுத்தினார். எம் மகளுக்கு அது இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தது. ஆகவே மனநல ஆலோசனைக்கும் அழைத்துச் சென்றோம். ஓதிப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்டனர். ஓதவும் செய்தோம், மருத்துவமும் செய்தோம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

அவளை வருத்திய வேறொன்றையும் ஆலோசனையின்போதுதான் அறிந்தோம். தொழ முடியாத நிஃபாஸுடைய நாட்களில் தான் அல்லாஹ்வை விட்டுத் தொலைவாகிவிட்டதாக அவள் எண்ணியிருந்தாள். நிஃபாஸின் உச்சவரம்பு ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாட்கள், ஹனஃபி மத்ஹபில் 40 நாட்கள். அந்நாட்களில் விடுபடும் தொழுகைகளைப் பின்னர் கழாச் செய்ய வேண்டியதில்லை. அது அல்லாஹ் தந்த சலுகையாகும். திக்ரும் ஸலவாத்தும் துஆவும் அவளுக்கு எப்போதும் திறந்தே இருக்கின்றன. அவள் தொட்ட பாத்திரமோ படுத்த பாயோ அசுத்தமாவதில்லை. இந்தச் சட்டங்களை நம் பெண்மக்களுக்கு வரம்பாக மட்டும் கற்பிக்காமல், அவற்றிலுள்ள அருளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

இல்லத்தின் நடைமுறைகளையும் சற்று மாற்றினோம். இரவில் ஒரு வேளை பால் குடித்தபின் குழந்தையைத் தோளிலிட்டு ஏப்பம் விடச் செய்து உறங்கவைப்பது எம் பொறுப்பாயிற்று. பிள்ளை பார்க்க வருவோருக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும் ஒதுக்கினோம். கை கழுவிய பின்னரே குழந்தையைத் தொட வேண்டும் என்பதைப் பணிவுடன் சொன்னோம். ஷார்ஜாவிலிருந்து அழைக்கும் மருமகனிடம், "பிள்ளையைக் காட்டு" என்பதற்கு முன் "நீ சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்கச் சொன்னோம். அவரும் அவ்வாறே கேட்டு வந்தார். ஏழாம் நாள் ஓர் ஆடு அறுத்து அகீகா கொடுத்து, பெயர் சூட்டி, முடி களைந்து, அதன் எடைக்குரிய வெள்ளியின் மதிப்பை ஏழைகளுக்கு வழங்கினோம். அன்று சமைத்ததில் முதல் தட்டு மகளின் அறைக்கே சென்றது. தம்மடையின் முதல் துண்டும் அன்றுமுதல் அவளுக்குரியதாயிற்று.

மூன்றாம் மாதம் நெருங்கியபோது, ஒருநாள் மகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே தானாகப் பாடிக்கொண்டிருந்ததைத் துணைவியார் எமக்குச் சைகையால் காட்டினார். அல்ஹம்துலில்லாஹ். ஆலோசனைக்குச் செல்வது இன்னும் தொடர்கிறது. அழுகை வரும் நாட்களும் இடையிடையே உண்டு. அந்நாட்களில் இப்போது அவள் மறைந்து அழுவதில்லை.

பிள்ளை பார்க்கச் செல்லும் சகோதரிகளே! குழந்தைக்கு உடையும் தங்கமும் கொண்டுசெல்வது உங்கள் அன்பு. அதனுடன் அத்தாய் விரும்பி உண்ணும் ஏதேனும் ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள். ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு அவளை உறங்கச் சொல்லுங்கள். அவள் அழுதால் காரணம் கேட்டுத் துளைக்காதீர்கள். அருகில் அமருங்கள். சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். பால் சூடுபடுத்துவதும் துணி துவைப்பதும் தோளில் பிள்ளை சுமப்பதும் நம் மதிப்பைக் குறைப்பவையல்ல.

இவ்வாண்டு ஸூரா மர்யம் பாடம் வந்தபோது, "உங்க வீட்டுல தம்பியோ தங்கச்சியோ பிறந்தா உம்மாவுக்கு என்ன செய்வீங்க?" என்று பிள்ளைகளிடம் கேட்டோம். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்த ஒரு சிறுவன் எழுந்து, "மொதல்ல தண்ணி குடுப்பேன் உஸ்தாத்" என்றான்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் பிறக்கும் குழந்தைகளை ஸாலிஹானவர்களாக ஆக்குவானாக! அவர்களை ஈன்ற தாய்மாரின் உடலுக்கு நலத்தையும் உள்ளத்திற்கு அமைதியையும் அருள்வானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.