பணமும் பாதையும்

செல்வந்த நாடுகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வராது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கட்டாரின் அனுபவம் வேறு.

தனக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதியை அந்நாடு இறக்குமதி செய்கிறது. பல பன்னாட்டு மருந்துக் கம்பனிகளின் பிராந்தியக் களஞ்சியங்களோ டுபாயில் உள்ளன. 2017 ஜூன் 5 இல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், பஹ்ரைன், எகிப்து ஆகியன கட்டாருடனான உறவைத் துண்டித்தன. அதன் ஒரே தரைவழி எல்லையும் மூடப்பட்டது. டுபாய் ஊடாக வந்துகொண்டிருந்த மருந்துகள் தடைப்பட்டன. பிற நாடுகளிலிருந்து நேரடியாகத் தருவிக்கவும், ஓமானின் சோஹார், சலாலா துறைமுகங்கள் வழியாகப் பொருட்களைக் கொண்டுவரவும் வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் அல் உலா உடன்பாட்டுடனேயே எல்லை திறந்தது.

2022 இல் இலங்கையின் வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்துபோனபோது இதனை எண்ணிப் பார்த்தேன். எமக்குப் பாதை திறந்திருந்தது, டொலர் இருக்கவில்லை. அவர்களிடம் டொலர் இருந்தது, பாதை அடைபட்டது. இன்சுலினுக்காகக் காத்திருக்கும் நீரிழிவு நோயாளிக்கு இவ்விரண்டும் ஒன்றுதான். சில மாதங்களுக்கான அத்தியாவசிய மருந்துகளை உள்நாட்டிலேயே இருப்பில் வைத்திருப்பதும், ஒரு வழியை மாத்திரம் நம்பாதிருப்பதும் எந்த அரசுக்கும் கடமையாகும் என்பதே என் கருத்து.