தொட்டிக்குள் இருந்த குத்துச்சண்டைக்காரன்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ சுற்றியது. மயில் மாதிரி வண்ணத்தில் ஓர் இறால். நண்டு ஓட்டை ஒரே குத்தில் உடைக்கிறது. "துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் குத்தும், மனிதனைவிட நான்கு மடங்கு நிறங்களைப் பார்க்கும்" என்று கீழே எழுதியிருந்தது. உடனே இரண்டு மூன்று பேர், "டீச்சர் வீட்டில் இப்படி ஒன்று கிடந்ததே, டீச்சர் எழுதட்டும்" என்று என்னை மாட்டிவிட்டார்கள். சென்னையில் இருக்கும் ஒருவன் தனியாக ஃபோன் செய்தான். ஆன்லைனில் ஒன்று விலைக்கு வருகிறதாம், மகன் கேட்கிறானாம், வாங்கலாமா என்றான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர். இதை மேன்டிஸ் இறால் என்கிறார்கள். மேன்டிஸ் என்றால் நம்முடைய கும்பிடுபூச்சி. முன்கால்களை அதே மாதிரி மடக்கி வைத்திருப்பதால் அந்தப் பெயர். ஆனால் இது இறாலே இல்லை. இறால், நண்டு, சிங்கி இவற்றின் கிளையிலிருந்து ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து போன தூரத்துச் சொந்தம். உலகத்தில் 450 வகைக்கு மேல் உண்டு. பெரிய பிரிவு இரண்டு. ஒன்று ஈட்டிக்காரன், முள் வைத்த கையால் மீனைக் குத்திப் பிடிக்கும். இன்னொன்று சுத்தியல்காரன், உருண்டையான முட்டியால் ஓட்டை உடைக்கும்.

ஈட்டிக்காரனை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். விசைப்படகுகளின் இழுவலையில் இறாலோடு கூடை கூடையாக வரும் சாம்பல் நிறச் சாமான் அதுதான். சாப்பிட யாரும் வாங்குவதில்லை. காயப்போட்டுக் கோழித்தீவனத்துக்கும் உரத்துக்கும் போகும்.

என் வீட்டில் இருந்தது சுத்தியல்காரன். வீடியோவில் வந்த மயில் வண்ணம் கிடையாது. பாசிப்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், என் சுண்டுவிரல் நீளம்.

2015இல் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தேன். முப்பத்தைந்து வருஷம் கடல் உயிர்களைப் படம் வரைந்தே பாடம் நடத்தியவளுக்கு அது ஒரு ஆசை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். "ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், நீ உப்புத்தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறாய்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அதில் இரண்டு சின்ன மீன்கள் இருந்தன.

2016 ஜனவரியில் ஒரு நாள் காலை, கடற்கரை ஊர்ப் பள்ளியில் என்னிடம் படித்த ஒருவன் ஒரு பெயின்ட் வாளியோடு வாசலில் நின்றான். அப்போது அவன் அப்பாவோடு முட்டம் பக்கம் பார்களில் சிங்கி வலை போட்டுக்கொண்டிருந்தான். வலையில் சிக்கி வந்த கல் ஒன்றின் பொந்துக்குள் இது இருந்திருக்கிறது.

"டீச்சரே, கையை உள்ள விடாதீங்க. இது அடிக்கும்."

"எதுக்குடா இங்க கொண்டு வந்தே?"

"அங்க கெடந்தா வெயில்ல காஞ்சு போவும். நீங்க பாப்பீங்கன்னு தோணுச்சு."

மறுத்துப் பேச முடியுமா? மீன்களை அன்றைக்கே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மறுநாள் நாகர்கோவிலில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இதோடு வேறு உயிரை வைக்கக் கூடாது. மீனோ நண்டோ நத்தையோ, எல்லாம் அதற்குச் சாப்பாடு.

இனி அந்தக் குத்து. 2004இல் ஷீலா பாட்டெக் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்து அளந்தார்கள். மயில் மேன்டிஸின் முட்டி விநாடிக்கு 23 மீட்டர் வரை போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் திருநெல்வேலி பஸ் நாலுவழிச்சாலையில் போகும் வேகம். துப்பாக்கிக் குண்டோ விநாடிக்கு 300 மீட்டருக்கு மேல் போகும். ஆகவே வீடியோவில் எழுதியது தப்பு. குண்டோடு ஒப்பிடக்கூடியது வேகம் அல்ல, முடுக்கம். நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்ட எவ்வளவு குறைந்த நேரம் ஆகிறது என்பதுதான் விஷயம். வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தேனே, மறந்தாச்சா?

தசைக்கு அவ்வளவு திடீர் வேகம் கிடையாது. அதனால் இது வில் மாதிரி வேலை செய்கிறது. தசை மெதுவாக இழுத்து, கையின் ஓட்டில் இருக்கும் குதிரைச் சேணம் போன்ற ஒரு பகுதியை வளைத்து வைக்கிறது. கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்கிறது. கொக்கி விலகினால் வில் விடுபடுகிறது. முட்டி போகிற வேகத்தில் தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, அடுத்த கணமே உடைகின்றன. அது இரண்டாவது அடி. படகு புரொப்பல்லர் இலைகளில் குழி குழியாகத் தின்ற மாதிரி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதைச் செய்வதும் இதே குமிழிதான். வாளி கொண்டு வந்தவனிடம் இதைச் சொன்னபோது, "இத அன்னைக்கே பாடத்துல சொல்லிருந்தா நான் பாஸாயிருப்பேனே டீச்சர்" என்றான்.

நிற விஷயமும் பாதிதான் உண்மை. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்வகை மூன்று. இதற்குப் பன்னிரண்டு. ஆனால் 2014இல் சோதித்துப் பார்த்தபோது, பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறிவதில் இது நம்மைவிட மட்டம் என்று தெரிந்தது. நின்று நிதானித்து ஒப்பிடாமல் சட்டென்று அடையாளம் காண அந்தக் கண் உதவலாம் என்பது அவர்கள் யூகம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் சேலை மாற்றி வந்தாலும் வராவிட்டாலும், ஒரு கண் என்னையும் மறு கண் வீட்டுக்காரரையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வளர்ப்பதில் குத்து ஒரு பிரச்சினையே இல்லை. தொட்டியின் அடியில் ஒரு அக்ரிலிக் தகடு போட்டேன், கண்ணாடியைத் தட்டாமல் இருக்க. உண்மையான வேலை தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு. ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று கோட்டாறு வரை அடிக்கும்போது தொட்டித் தண்ணீர் மளமளவென்று குறையும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதையும் செப்புக் குடத்திலிருந்து ஊற்றக்கூடாது. செம்பு நமக்கு நல்லது என்பார்கள். ஓட்டுடலிகளுக்கு அது விஷம். பவளக்கல் வைத்தால் அழகாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் அடைத்த பி.வி.சி. குழாய்த் துண்டே போதும் என்று இருந்துவிட்டேன். அவனுக்கும் போதுமாகத்தான் இருந்தது.

சாப்பாடு வாரத்துக்கு இரண்டு நாள். வாசலுக்கு வரும் மீன்காரம்மா மட்டியும் குட்டி நண்டும் தனியாக எடுத்து வைத்துத் தருவார். "இது ஒங்க கொழந்தைக்கு" என்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் 'டக்' என்று சத்தம் வரும். சுத்தியலால் ஜல்லியைத் தட்டின மாதிரி. "யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு" என்று வீட்டுக்காரர் எழுந்து போன நாட்கள் உண்டு. காலையில் உடைந்த ஓடுகள் குழாய் வாசலில் குவிந்து கிடக்கும். மற்றபடி அவனை நாங்கள் பார்த்த நேரம் குறைவு. குழாய் வாயில் இரண்டு கண்கள், அவ்வளவுதான். பார்க்க வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் சலித்து டி.வி. பக்கம் போய்விடுவார்கள்.

ஓடு கழற்றும் காலம்தான் கவனம் தேவைப்படும் காலம். வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். சுத்தியலும் சேர்ந்தே கழலும். புது ஓடு இறுகும் வரை உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அடிக்க முடியாது, அடித்தால் தன் கைதான் உடையும். அதனால் கல்லையும் ஓட்டையும் இழுத்து வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். முதல் தடவை ஒன்பது நாள் வெளியே வரவில்லை. "செத்துப்போச்சு, எடுத்துப் போடு" என்றார் வீட்டுக்காரர். கை வைக்காமல் விட்டேன். பத்தாம் நாள் பழைய ஓடு முழு உருவமாக வாசலுக்கு வெளியே கிடந்தது.

கலிபோர்னியாவில் ராய் கால்ட்வெல் என்பவரும் ஸ்டெகர் என்பவரும் 1983இல் ஒன்று எழுதினார்கள். ஓடு கழற்றி மெத்தென்று இருக்கும் நேரத்தில் வேறொருவன் பொந்தைப் பறிக்க வந்தால், இது கையை விரித்துப் பெரிய சண்டைக்காரன் போல மிரட்டுமாம். வெறும் நடிப்பு. வந்தவன் பல நேரம் நம்பித் திரும்பிப் போய்விடுவானாம். வீட்டுப்பாடம் எழுதாதவன் முதலில் கை தூக்குவானே, அதே வித்தை. யாரைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

2017 நவம்பர் கடைசி வாரம் அவன் மறுபடியும் வாசலை அடைத்தான். 30ஆம் தேதி ஒக்கி வந்தது.

அந்த நாளை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மரங்கள் விழுந்து, கம்பங்கள் சரிந்து, கரண்ட் போனது. எங்கள் தெருவுக்கு ஐந்தாம் நாள்தான் வந்தது. காற்றுக்குமிழி விடும் பம்பு நின்றுவிட்டால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், கழிவை மாற்றித் தரும் பாக்டீரியாவும் சாகும். பேட்டரி பம்பு ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரியோடு பேட்டரி தீர்ந்தது, கடைகளிலும் இல்லை. அதன்பிறகு ஒரு பிளாஸ்டிக் கப்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினேன். கால்மணி நேரம். பிறகு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். ராத்திரியில் நானும் வீட்டுக்காரரும் முறை வைத்து எழுந்தோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குழாய் வாசல் கல்லால் அடைத்தபடியே இருந்தது.

வாளி கொண்டு வந்த பையன் அப்போது கொச்சியிலிருந்து ஆழ்கடல் தூண்டில் படகில் போயிருந்தான். அப்பாவின் சிங்கி வலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி அவன் அம்மா யாரிடமோ ஃபோன் வாங்கி என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், ஒங்களுக்கு ஏதாவது தகவல் உண்டா?" டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று அந்த அம்மாவுக்கு நினைப்பு. எனக்கு என்ன தெரியும். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நானும் எடுத்துக்கொண்டே இருந்தேன். 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவ ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், ஆண்களைத் தேடித் தரச் சொல்லி. அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார்.

9ஆம் தேதி தகவல் வந்தது. அவர்கள் படகு காற்றோடு வடக்கே போய் மகாராஷ்டிரத்தில் தேவ்கட் துறைமுகத்தில் கரை சேர்ந்திருந்தது. அங்கே நம் பக்கத்துப் படகுகள் நிறைய நின்றனவாம். பையன் பேசினான். இரண்டு நிமிஷம்தான். "சாப்பிட்டியா" என்று கேட்டேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவன் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த இன்னொருவன் வரவில்லை. இன்று வரை வரவில்லை. அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

தொட்டியில் வாசல் திறந்தது 12ஆம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பையன் வீட்டுக்கு வந்தபோது, மெலிந்து, தோலெல்லாம் உரிந்து போயிருந்தான். தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நான் ஒரு மட்டியைப் போட்டேன். புதுக் கையால் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது அடியில் உடைத்தது. "ஆள் சுகமாத்தான் இருக்கான்" என்றான்.

அதன்பிறகும் இரண்டரை வருஷத்துக்கு மேல் இருந்தது. 2020 ஆகஸ்டில், ஓடு கழற்றும்போது பாதியில் நின்று இறந்துபோனது. வயதானவற்றுக்கு அப்படி நேரும். கழற்றிய ஓடுகளில் நல்லதாக நாலைந்தை ஹோமியோபதி மாத்திரைப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

சென்னைப் பையனுக்கு: வாங்காதே. கடைக்கு வருவதெல்லாம் கடலிலிருந்து பிடித்தவை, வீட்டில் குஞ்சு பொரித்தவை அல்ல. நீ காசு கொடுத்தால் இன்னொன்றைப் பிடிப்பார்கள். உன் மகன் அந்தக் குத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான். அது வீடியோவில்தான் நன்றாகத் தெரியும், நேரில் கண்ணுக்கே அகப்படாது. வீட்டில் வைத்தால் அவன் பார்க்கப்போவது ஒரு குழாயை. லீவுக்கு ஊருக்கு வரும்போது அவனைக் கூட்டிவா, புட்டியில் இருப்பதைக் காட்டுகிறேன். விடியற்காலை எழுவான் என்றால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஈட்டிக்காரனையும் காட்டலாம். வாளிக்காரப் பையன் கூட்டிப்போவான். இப்போது அவன் கரையில்தான் இருக்கிறான், ஐஸ் வண்டி ஓட்டுகிறான்.

தொட்டி மாடியில் சும்மா கிடக்கிறது. கண்ணாடியில் ஒழுக்கு இல்லை, அடித்தகட்டில்தான் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தடம் இருக்கிறது. நன்னீர் மீன் வைக்க யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.