தராசின் முள்

அரசின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஆங்கிலத்தார் ‘பட்ஜெட்’ என்பர். பழைய பிரெஞ்சு மொழியில் சிறு தோற்பையைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. அரபு மொழியில் அதற்கு ‘மீஸானிய்யா’ என்று பெயர். தராசு எனப் பொருள்படும் ‘மீஸான்’ என்னும் சொல்லின் வழி வந்தது. பையில் என்ன இருக்கிறது என்பதை அதை வைத்திருப்பவரே அறிவார். தராசோ, வாங்குபவர் கண்ணெதிரே தொங்குவது. ஒரு மாநிலத்தின் நிதி பையாக இருக்க வேண்டுமா, தராசாக இருக்க வேண்டுமா என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

தமிழகம் இக்கேள்வியை மிகக் கசப்பான முறையில் சந்தித்த ஆண்டு 2003. நிதி நெருக்கடியைக் காட்டி, அரசு ஊழியரும் ஆசிரியரும் பெற்றுவந்த ஓய்வூதியப் பலன்கள் உள்ளிட்ட சில சலுகைகளை அரசு குறைத்தது. ஜூலை 2ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இன்றியமையாப் பணிகள் பராமரிப்புக்கென 2002இல் இயற்றிய சட்டம் பாய்ந்தது; அதனைக் கடுமையாக்கும் அவசரச் சட்டமும் ஜூலை 4ஆம் நாள் வந்தது. விசாரணையின்றி ஏறத்தாழ 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஒரு மாதச் சம்பளத்தை நம்பி மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் நாள் குறித்திருந்த வீடுகளில் அந்நாட்களில் அடுப்பு எரிந்தாலும் நெஞ்சம் ஆறியிருக்குமா?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என உறுதியளித்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். ஆகஸ்ட் 6ஆம் நாள் வந்த தீர்ப்பு, அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ இல்லை, தார்மீக நியாயமும் இல்லை என்றது. 2003 ஏப்ரல் 1 முதற்கொண்டு பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்ற விதியும் அவ்வாண்டிலேயே வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் எதிரணி வென்றது. அம்மாதமே முதலமைச்சர் ஜெயலலிதா, ஊழியர் மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றார்.

அரசு சொன்னது பொய்யன்று. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் வருவாயின் பெரும்பகுதியை விழுங்கினால், ஊருக்குக் கிணறும் சாலையும் எங்கிருந்து வரும்? ஊழியர் சொன்னதும் பொய்யன்று. வாக்குறுதியளித்து வேலைக்கு அமர்த்திவிட்டு, முதுமை நெருங்கும்போது அதைக் குறைப்பது நீதியாகுமா? மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் நமக்கு அரசு ஊழியர்க்கு உள்ளது போன்ற சங்கமும் இல்லை; ஓய்வூதியமும் இல்லை. அதனால் இருப்பவர் மீது நாம் அழுக்காறு கொள்ளலாகாது. வேலைநிறுத்தத்தால் பூட்டிக் கிடந்த பள்ளியின் வாசலில் நின்ற ஏழைப் பிள்ளையை மறக்கவும் கூடாது.

இரு தட்டுகளிலும் எடை இருந்தது. குறைந்தது முள். வருவாயில் எது கசிகிறது, யாருக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது, எந்தச் செலவு வீண், எந்தச் சலுகை கட்டுப்படியாகாது என்பதை இரு தரப்பும் ஒப்பும் கணக்காக ஊரறிய விரித்துவைத்து, அதன்மேல் பேச்சைத் தொடங்கியிருந்தால், சிறைக்கும் மன்னிப்புக் கடிதத்துக்கும் தேவை இருந்திராது என்றே நாம் கருதுகிறோம். கணக்கைக் காட்டாமல் தியாகம் கேட்பவரின் சொல்லை யார் நம்புவார்?

முள் இல்லாமலும் இல்லை. ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 202ஆம் பிரிவு. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை ஆளுநர் வழியே அவைக்கு வரவேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அதனைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தமிழகம் 1997ஆம் ஆண்டிலேயே இயற்றியது. 2005இல் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம் எழுதினால், முப்பது நாட்களில் விடை தர வேண்டியது அலுவலரின் கடமை. இத்தனையும் இருந்தும் கேட்போர் சிலரே.

2021 ஆகஸ்ட் 9ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றும், குடும்பம் ஒன்றின் தலையில் 2,63,976 ரூபாய் என்றும் கூறிற்று. நம் வீடுகளில் எத்தனை பேர் அதைத் தம் கடனாக எண்ணிப் பார்த்தோம்? பள்ளிவாசலின் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டால், விளக்கு மாற்றிய செலவு வரை முத்தவல்லியை நிறுத்திக் கேட்கிறோம். அது அமானிதம் என்று நமக்குத் தெரியும். தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டும் வரியும் அமானிதமே அல்லவா?

ஆகவே, அடுத்த கிராம சபைக்கு நம் இளைஞர்கள் செல்லட்டும். ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கக் கேட்கட்டும். புரியாத வரியில் நிறுத்தி விளக்கம் கேட்கட்டும். சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, தணிக்கை அறிக்கையில் நம் மாவட்டத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என வினவட்டும். ஊழியர் சங்கங்களும் தம் கோரிக்கைக்கு ஆகும் தொகையையும் அது வரும் வழியையும் மக்கள் முன் சொல்லட்டும். சிறிய ஊராட்சியில் கேட்டுப் பழகிய நாவே பெரிய கோட்டையிலும் கேட்கும்.